தாத்தாவைப் பிடிக்கக் கட்டிய குடில்

என் தங்கை பிரான்சிக்குப் பொய் சொல்ல வராது. அவளைப் பெண் பார்க்க அமிர்தராஜ் வீட்டார் பாலக்கரைக்கு வந்த அன்று, தட்டில் இருந்த கேசரியைக் காட்டி எங்கள் அம்மா, "எல்லாம் எங்க பொண்ணு கைப்பக்குவம்தாங்க" என்றாள். பிரான்சி குனிந்த தலை நிமிராமலே, "இல்லீங்க, அண்ணன்தான் கிண்டுச்சு. நான் கிண்டுனா கட்டி கட்டியாப் போயிடும்" என்று சொல்லிவிட்டாள். அம்மா அவள் தொடையைக் கிள்ளியது எல்லோருக்கும் தெரிந்தது. அமிர்தராஜ் மட்டும் வாய்விட்டுச் சிரித்து, "அப்ப மச்சானையும் சேத்தே அனுப்பிருங்க" என்றார். கல்யாணம் அந்தச் சிரிப்பிலேயே முடிவாகிவிட்டது.

பிரான்சி புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வார்டு ஆயாவாக இருக்கிறாள். அங்கேயும் இதே நாக்குதான். நோயாளியின் மகன் யாராவது வராந்தாவில் அவளைப் பிடித்து, "அப்பா தேறிடுவாரா அக்கா?" என்று கேட்டால், மற்ற ஆயாக்கள் "கடவுள் இருக்கார் தம்பி" என்று சொல்லிக் கடந்துபோவார்கள். இவள் நின்று, "எனக்குத் தெரியாது தம்பி. ஆனா இன்னிக்கு ஊருக்குப் போகாதீங்க, கூடவே இருங்க" என்பாள். அப்படி இருந்துவிட்டவர்கள் பிறகு தேடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தி லேத்துப் பட்டறைக்குப் போன எனக்கு, பெருமையாகச் சொல்லிக்கொள்ள வாய்த்தது என் தங்கைதான்.

அந்தப் பிரான்சி வருஷத்தில் ஒரே ஒரு பொய் சொல்லுவாள். அதுவும் புருஷனுக்காக.

அமிர்தராஜ் தனியார் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். ஸ்ரீரங்கம் ரூட். நாள் முழுக்க "சத்திரம், சத்திரம், மாம்பழச் சாலை" என்று கத்திக் கத்தி அவருக்குக் குரல் எப்போதும் கொஞ்சம் கரகரவென்றே இருக்கும். டிசம்பரில் எங்கள் பங்குக் கோயிலிலிருந்து வீடு வீடாகப் பாடிப் போகும் கேரல்ஸ் கிளம்பும்போது கிறிஸ்துமஸ் தாத்தா அவர்தான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவர்தான். முகமூடி, பஞ்சுத் தாடி, வயிற்றில் ஒரு தலையணை, மேலே சிவப்புச் சாட்டின் அங்கி. மேளத்துக்கு அவர் ஆடுவதைப் பார்க்க வேற்று மதத்துக்காரர்களும் வாசலுக்கு வருவார்கள். ஆனால் தாத்தா வேஷத்தில் அவர் வாயே திறக்க மாட்டார். குரல் காட்டிக் கொடுத்துவிடும். மணி மட்டும் ஆட்டுவார்.

மூத்தவள் ஷெரின் பிறந்து விவரம் தெரிந்த பிறகு அமிர்தராஜ் பிரான்சியிடம் கேட்டுக்கொண்டார்: "பிள்ளைங்களுக்கு மட்டும் தெரிய வேண்டாம் பிரான்சி. தாத்தா நெசமாவே வராருன்னு நெனச்சுக்கட்டும். வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு வார்த்தை." அந்த ஒரு வார்த்தை, "அப்பா பால் வாங்கப் போயிருக்கார்." கேரல்ஸ் வந்து போகும் வரைக்கும் அவர் பால் வாங்கிக்கொண்டே இருப்பார். அங்கியைத் துவைத்தால் வீட்டில் காயப்போட முடியாது. அடுத்த வீட்டு சாரா பீவியின் மொட்டைமாடியில்தான் அது காயும். "எங்க மாடில வருஷா வருஷம் தாத்தா தொங்குறார்" என்று சாரா பீவி சிரிப்பார். பிரான்சியோ தவக்காலம் வந்ததும் பாவசங்கீர்த்தனத்தில் முதல் வேலையாக இந்தப் பொய்யைச் சொல்லிவிடுவாள். "ஃபாதர் சிரிக்கிறார் அண்ணே. நான் அழுவுறேன், அவர் சிரிக்கிறார்" என்பாள் என்னிடம்.

போன வருஷம் மார்ச் மாதம் அமிர்தராஜ் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் டிரிப் முடித்து இறங்கியவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தார். அதோடு சரி. அவர் எழுந்திருக்கவில்லை.

பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளை அழைத்து வந்தபோது, உறவுக்காரர்கள் ஆளாளுக்கு என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். பிரான்சி இரண்டு பேரையும் முன்னால் நிறுத்தி, "அப்பா செத்துட்டார். இனிமே வரமாட்டார்" என்றாள். எங்கள் சித்தி பதறிப்போய், "ஏண்டி, சாமிகிட்ட போயிருக்கார்னு சொல்லக் கூடாதா?" என்று கேட்டாள். "அதையும் சொல்றேன் சித்தி. மொதல்ல இதைச் சொல்லணும்" என்றாள்.

ஷெரினுக்கு ஒன்பது வயது, சின்னவள் அபிஷாவுக்கு ஆறு. அப்பாவைப் பற்றிய உண்மை அவர்களுக்கு அன்றே தெரிந்துவிட்டது. தாத்தாவைப் பற்றிய உண்மை தெரியவில்லை. அதைச் சொல்ல யாருக்கும் தோன்றவும் இல்லை.

டிசம்பர் பிறந்தது. எங்கள் பக்கம் வருஷம் திரும்பாத துக்க வீட்டில் ஸ்டார் கட்டுவதில்லை, பலகாரம் சுடுவதில்லை, குழந்தை யேசுவின் குடிலும் வைப்பதில்லை. பிரான்சி அங்கியைத் துவைத்து இஸ்திரி போட்டு, நவம்பரிலேயே பங்கு இளைஞர் குழுவிடம் கொடுத்துவிட்டாள். வேறு யாரோ ஒரு பையன் அந்த வருஷம் அதைப் போட்டுக்கொள்வதாகப் பேச்சு. தெருவில் எல்லா வாசலிலும் ஸ்டார் எரிந்தது. இவர்கள் வாசல் மட்டும் இருட்டாகக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் போனபோது, நடையில் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். சாரா பீவியின் பேரன் அர்ஹம் துபாயிலிருந்து லீவுக்கு வந்தபோது விட்டுப்போன விளையாட்டுக் கட்டைகள். ஒன்றன் தலையில் ஒன்றை அழுத்தினால் கவ்விக்கொள்ளும் ரகம்.

"என்னடி, வீடு கட்டுறீங்களா?"

"இல்ல மாமா, பொறி" என்றாள் ஷெரின்.

"எலிக்கா?"

"கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு."

அபிஷா விளக்கினாள். தாத்தா எப்போது வந்தாலும் முதலில் குடிலுக்கு முன்னால் முழங்கால் போடுவார். அதனால் பொறி குடில் மாதிரியே இருக்க வேண்டும். அவர் முழங்கால் போட்டதும் மேலேயிருந்து வலை விழ வேண்டும்.

"பிடிச்சு என்ன பண்ணப் போறீங்க? மிட்டாயெல்லாம் பிடுங்கப் போறீங்களா?"

ஷெரின் என்னை ஒன்றும் தெரியாதவனைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "கல்லறைக்குக் கூட்டிட்டுப் போகப் போறோம். அப்பா ஒரு தடவை கூட தாத்தாவைப் பார்த்ததே இல்ல மாமா. ஒவ்வொரு வருஷமும் பால் வாங்கப் போயிடுவார். அவருக்கு மட்டும் காட்டவே இல்ல."

அடுக்களை வாசலில் பிரான்சி நின்றிருந்தாள். அவள் கையிலிருந்த கரண்டியிலிருந்து குழம்பு தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

நான் தரையில் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்தது கை வேலை ஒன்றுதான். கொட்டிக் கிடந்ததில் இரண்டு கம்பெனிக் கட்டைகள் கலந்திருந்தன. பார்வைக்கு ஒரே அளவு. ஆனால் ஒரு ரகம் இன்னொன்றோடு கவ்வாது. ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து இரண்டு குவியலாகப் பிரித்தேன். பிள்ளைகள் கட்டியிருந்த தூண் தொட்டாலே பிளந்தது. கட்டைக்கு நேர்மேலே கட்டையை வைத்து ஏற்றியிருந்தார்கள். "கொத்தனார் சுவர் வைக்கிறதைப் பார்த்திருக்கியா? கீழ் ரெண்டு கல்லும் சேர்ற எடத்துக்கு மேல அடுத்த கல்லு உக்காரணும்" என்று காட்டினேன். ஷெரின் ஒரு தடவை பார்த்ததும் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு பக்கமும் உயரமான ஸ்டூல் போட்டு, அதன்மேல் இடுப்பு உயரத்துக்குத் தூண். குறுக்கே ஒரு மூங்கில் கழி. கழியில் சுருட்டிய பழைய கொசுவலை. வலையைத் தாங்கிப் பிடிக்க இரண்டு கட்டைகளைப் பாதி வெளியே நீட்டிவைத்து, அவற்றை ஒரு நூலால் இணைத்து, நூலை முழங்கால் உயரத்தில் குறுக்கே இழுத்துக் கட்டினோம். நூல் இழுபட்டால் கட்டை பிடுங்கிக்கொள்ளும், வலை சரியும். தூண்களுக்குப் பின்னால் சிவப்பும் மஞ்சளுமாகக் குடில். மாடு, கழுதைக்குக் கட்டைகளிலேயே கால் வைத்தாள் அபிஷா. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. "காது நீளமா இருக்கிறது கழுதை" என்றாள்.

உள்ளே தாத்தாவுக்கு என்ன தின்ன வைப்பது என்று சண்டை வந்தது. அபிஷா சாக்லேட் என்றாள். "அவ்ளோ தொப்பைக்குச் சுகர் இருக்கும்டி, ஸ்வீட் கூடாது" என்றாள் ஷெரின்.

"மிளகு சேவு வைங்க. அதான் அவருக்குப் பிடிக்கும்" என்றாள் பிரான்சி, அடுக்களையிலிருந்து.

ஷெரின் திரும்பினாள். "உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"தெரியும்." பிரான்சி குழாயைத் திறந்துவிட்டாள். கழுவப் பாத்திரம் ஒன்றும் இல்லை.

வலையைச் சோதித்துப் பார்க்க நான் முழங்கால் போடுவதாக இருந்தது. அதற்குள் சாரா பீவி ஒரு பாத்திரத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். கால் நூலில் பட்டது. வலை அப்படியே அவர் தலைமேல் இறங்கியது.

"யா அல்லா! என்னடி இது, பட்டப்பகல்ல எனக்குக் கொசுவலை கட்டுறீங்க?"

"தாத்தாவுக்கு வச்சது பீவிம்மா!"

"நல்லா வச்சீங்க. தாத்தா வர்றதுக்குள்ள ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் மாட்டிருவோம். கொழம்பை வாங்குடி, கை சுடுது."

பிள்ளைகள் தரையில் உருண்டு சிரித்தார்கள். மார்ச்சுக்குப் பிறகு அந்த வீட்டில் நான் கேட்ட முதல் சிரிப்பு. பிரான்சியும் சிரித்தாள். சிரிக்கும்போதே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன்.

"சொல்லிடு பிரான்சி."

"எதை அண்ணே?"

"தாத்தா யாருன்னு."

"அவர் அவ்ளோ ஆசையா வச்சிருந்தது. அவர் போனதும் நான் போட்டு உடைக்கவா?" முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "சொன்னா, அப்பாவோட சேந்து தாத்தாவும் போயிடுவார் அதுங்களுக்கு. ஒரே வருஷத்துல ரெண்டு சாவு தாங்குமா?"

"அப்ப யாரையாவது தாத்தா வேஷத்துல உள்ள அனுப்பச் சொல்றேன். பொறியில மாட்டட்டும், கல்லறைக்குப் போகட்டும், பிள்ளைங்க ஆசை தீரட்டும்."

"அது இன்னொரு பொய்."

"பழைய பொய்தானே, நீ புதுசா ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் பார்த்துக்கறேன்."

அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டேன்.

இளைஞர் குழுத் தலைவன் கிளமெண்ட், கோயில் பின்னால் மேளத்துக்கு வார் இழுத்துக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். அவன் கண் கலங்கிவிட்டது. அமிர்தராஜிடம் ஆடக் கற்றுக்கொண்டவன் அவன்.

"ஆனா அது எப்படிண்ணே முடியும்? துக்க வீடு. மேளம் கூடாது, தாத்தா கூடாது. நாங்க உள்ள வந்து ஜெபம் மட்டும் சொல்லிட்டுப் போறதுதானே வழக்கம். அமிர்தண்ணனே எத்தனை வீட்டுக்கு முன்னாடி முகமூடியைக் கழட்டிக் கக்கத்துல வச்சுட்டு ஓரமா நின்னுருக்கார். அவர் வீட்டு வாசல்லயே நாங்க அதை மீறினா தெரு என்ன சொல்லும்?"

"பிள்ளைங்களுக்காகடா."

"பெரியவங்க யாரும் ஒத்துக்க மாட்டாங்கண்ணே. நான் ஒத்துக்கிட்டாலும், அந்த அங்கியைப் போட்டுக்கிட்டு அந்த வீட்டுக்குள்ள போக எந்தப் பையனுக்கும் கால் வராது."

அவன் சொன்னதில் தப்பில்லை. நான் பிரான்சியிடம் வந்து சொன்னேன். "தெரியும் அண்ணே" என்றாள்.

கேரல்ஸ் எங்கள் தெருவுக்கு வந்தது கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்னால், விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில். வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் வேறு. மெயின் ரோட்டில் ஸ்ரீரங்கம் பஸ்கள் நிரம்பி வழிந்து ஹாரன் அடித்துக்கொண்டு போயின. அதையும் தாண்டி மேளம் கேட்டது. பிள்ளைகள் நடை விளக்கை அணைத்துவிட்டு, கதவிடுக்கில் ஒளிந்து உட்கார்ந்தார்கள். ஷெரினின் ஒரு கை அபிஷாவின் வாயைப் பொத்தியிருந்தது.

மேளம் நெருங்கி வந்தது. இரண்டு வீடு தள்ளி, சட்டென்று நின்றது.

கிளமெண்டும் இன்னும் சில பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு, கம்பிக் கதவைத் திறந்தார்கள். பொறியைப் பார்த்ததும் அவர்களுக்கு அது என்னவென்று புரிந்துவிட்டது. யாரும் நூலைத் தொடவில்லை. வாசலிலேயே ஒதுங்கி நின்று, அமிர்தராஜின் ஆத்துமாவுக்காக மெதுவான குரலில் ஜெபம் சொன்னார்கள். பிரான்சி கைகூப்பி நின்றாள். ஜெபம் நடந்துகொண்டிருக்கும்போதே அவள் பார்வை வெளியே போனது. எதிர்ச் சாரியில் லைட் கம்பத்துக்கு அந்தப்பக்கம் சிவப்பு அங்கி தெரிந்தது. அந்தப் பையன் முகமூடியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றான். அமிர்தராஜுக்குச் சரியாக இருந்த அங்கி அவனுக்குத் தோளில் தொங்கியது.

அவர்கள் போனார்கள். இரண்டு வீடு தாண்டி மேளம் மறுபடி தொடங்கியது.

ஷெரின் கதவிடுக்கிலிருந்து வந்தாள். "தாத்தா ஏன் நம்ம வீட்டுக்கு வரல?"

பிரான்சி கம்பிக் கதவைச் சாத்தினாள்.

"நம்ம வீட்ல ஸ்டார் இல்லாததாலயா? பொறி வச்சது தெரிஞ்சுபோச்சா? மாமா, அவர் அங்கதான் இருந்தார். நான் செவப்பா பார்த்தேன். ஏன் வரல?"

அவருக்கு முழங்கால் வலிடா என்று சொல்ல நான் வாயைத் திறந்துவிட்டேன். பிரான்சி என் கையைப் பிடித்தாள்.

"வேண்டாம் அண்ணே."

அவள் விளக்கைப் போட்டுவிட்டுக் குடிலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். பிள்ளைகளையும் உட்காரச் சொன்னாள்.

"அங்க நின்னது வேற அண்ணன். இத்தனை வருஷமா நம்ம வீட்டுக்கு வந்த தாத்தா, உங்கப்பாதான்."

அபிஷா சிரித்தாள். "பொய்யி. அப்பா பால் வாங்கல்ல போனார்?"

"நான்தான் அப்படிச் சொன்னேன். அது பொய். அப்பா பால் வாங்கப் போகல. அங்கி போட்டுக்கிட்டு இங்க உங்க முன்னாடிதான் ஆடிட்டிருந்தார்."

சின்னவள் அம்மா முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு அது உள்ளே இறங்கக் கொஞ்ச நேரமானது. "அப்ப தாத்தாவும் செத்துட்டாரா?"

"நம்ம வீட்டுக்கு வந்த தாத்தா செத்துட்டார்."

அபிஷா மார்ச் மாதம் அழுததைவிட அதிகமாக அழுதாள். அப்போது அவளுக்குச் சாவு என்றால் என்னவென்று தெரியாது. இப்போது தெரியும். நான் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.

ஷெரின் அழவில்லை. நூலை அவிழ்க்கத் தொடங்கினாள். முடிச்சு இறுகியிருந்தது, நகத்தால் நெம்பிக்கொண்டே இருந்தாள். பிறகு முகத்தைத் திருப்பாமல் கேட்டாள்.

"போன வருஷம் நான் தாத்தா காதுல ஒண்ணு சொன்னேன்மா."

"தெரியும்."

"அப்பா சொன்னாரா?"

"அன்னிக்கே சொன்னார்."

அது எனக்குத் தெரியாத விஷயம். பிரான்சி என்னிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. ஷெரின்தான் எனக்கும் சேர்த்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். எங்கப்பாவுக்கு எங்களை விட பஸ்ஸும் பாலும்தான் பெருசு, நீங்க வர்ற நாள்ல கூட எங்க கூட இருக்க மாட்டேங்கிறார், அவருக்கு எங்களைப் பிடிக்காது. அவருக்கு ஒண்ணும் கொடுக்காதீங்க தாத்தா. இதைத்தான் அவள் அந்தப் பஞ்சுத் தாடிக்குப் பக்கத்தில் வாயை வைத்துச் சொல்லியிருக்கிறாள்.

"அப்பா சிரிச்சாரா?"

சிரித்தார் என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"இல்ல. அழுதார்" என்றாள் பிரான்சி. "வேஷத்தைக் கலைச்சுட்டு வந்து அடுக்களைல உக்காந்து அழுதார். அப்புறம் சொன்னார், அடுத்த வருஷம் நான் தாத்தா வேஷம் போடல, கிளமெண்ட்டைப் போடச் சொல்லிடறேன், பிள்ளைங்க கூட வாசல்ல உக்காந்து தாத்தா ஆடறதைப் பார்க்கப் போறேன்னு."

"அடுத்த வருஷம்னா..."

"இந்த வருஷம்."

ஷெரின் முடிச்சை விட்டுவிட்டாள். அம்மாவை நேராகப் பார்த்தாள். "இதுவும் பொய்யாம்மா?"

பிரான்சியை யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியிலும் கேட்டதில்லை, தெருவிலும் கேட்டதில்லை, பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டிலும் கேட்டதில்லை.

"இல்லடி. இது நெசம்."

ஷெரின் உடனே நம்பிவிடவில்லை. அம்மாவின் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிரான்சி அவளைத் தொட்டு இழுக்கவில்லை, சத்தியம் பண்ணவில்லை, என்னைச் சாட்சிக்குக் கூப்பிடவும் இல்லை. மகள் முடிவு செய்யட்டும் என்று கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மேளம் அடுத்த தெருவுக்குத் திரும்பி, சத்தம் குறைந்துகொண்டே போனது. அது முழுக்க ஓய்ந்த பிறகுதான் ஷெரின் வந்து, அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.